350 ரூபாய் அரிவாள்: ஒரு பட்டறையின் விலைக் கணக்கு

கொல்லுப் பட்டறை வைத்திருக்கிற என் மாமா ஒரு வெட்டரிவாளை 350 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். ஏன் 350 என்று கேட்டால் போன வருஷம் 320 என்பார். போன வருஷம் ஏன் 320 என்றால் அதற்கு முந்தின வருஷம் 300. இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால் தாத்தா காலத்துக் களத்து மேட்டில் போய் நிற்கும். அங்கே விலை என்ற பேச்சே கிடையாது. வருஷம் முழுக்க ஊர்க்காரர்களின் ஏர்க் கொழுவைக் காய்ச்சி அடித்துக் கொடுக்க வேண்டும், அரிவாளுக்கு வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, தட்டிக் கொடுக்க வேண்டும், அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்து போடுவார்கள். நெல் நின்றுபோய்ப் பணம் வந்தபோது யாரோ ஒருவர் ஏதோ ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார், அதன் மேல் வருஷத்துக்கு இருபது முப்பது ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விலையின் வரலாறு.

நான் மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். பட்டறை இருப்பது ராமேஸ்வரம் சாலையில், திருப்புவனம் தாண்டி திருப்பாச்சேத்திக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். பொங்கலுக்கு அப்புறம் ஏழெட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். அதில் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன். இதில் வரும் ரூபாயெல்லாம் இந்த ஒரு பட்டறையுடையது. பக்கத்து ஊர்ப் பட்டறைக்கே பொருந்தாமல் போகலாம்.

முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம். இரும்பு லாரிப் பட்டை. வண்டிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே அந்த ஸ்பிரிங் பட்டைதான். அதில் கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அதனால்தான் அது தோய்ச்சல் ஏற்கும், அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று முக்கினால் கடினமாகும். வீட்டு ஜன்னல் கம்பியைக் காய்ச்சி என்னதான் தண்ணீரில் முக்கினாலும் வாய் நிற்காது. மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் மாமா கிலோ 65 ரூபாய்க்கு எடுக்கிறார். கரி சீமைக்கருவேலங்கரி, சிவகங்கை ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது, கிலோ 32. துருத்தி போய் புளோயர் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. சம்மட்டி அடிக்க ஓர் ஆள். புளோயரைப் பார்த்துக்கொள்வது, அரம் போடுவது, பிடி செதுக்கி அதை இறுக்கிப் பிடிக்கிற பூண் வளையம் மாட்டுவது எல்லாம் அத்தை. அத்தையின் பெயர் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை என்பதை நான் நாலாவது ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

உலை மூட்டினால் ஒரு நாளைக்கு எட்டு அரிவாள் வரும். மாமா மனதில் வைத்திருந்த கணக்கு இது: பட்டை எட்டுக்கும் 520, கரி பதினைந்து கிலோ 480, சம்மட்டிக்காரருக்குக் கூலி 800, டீ வடை 60, கிரைண்டிங் கல்லும் கரண்டும் 120, பிடியும் பூணும் 200. மொத்தம் 2,180. எட்டை 350-ஆல் பெருக்கினால் 2,800. கையில் நிற்பது 620. "நாளுக்கு அறுநூறு நிக்குது மாப்ள, போதாதா?" என்றார்.

எட்டும் விற்றால்தானே 620? பட்டறை மூலையில் ஒரு சிமெண்டுச் சாக்கு கிடந்தது, அதைக் கொட்டிப் பார்த்தேன், உள்ளே எல்லாம் விரிசல் விட்ட அரிவாள். தோய்ச்சல் போடும்போது "ணங்" என்று ஒரு சத்தம் கேட்கும், மாமா முகம் மாறும், அந்தத் துண்டு சாக்குக்குப் போகும், அதோடு மறந்துவிடுவார்கள். ஆறு வாரம் எண்ணினேன். பதினாறுக்கு ஒன்று போகிறது. அதாவது நாளுக்கு எட்டு இல்லை, ஏழரை. பிடி போடுவதற்கு முன்னாலேயே விரிசல் விடுவதால் பிடிச் செலவு மட்டும் மிச்சம். செலவு 2,168, வரவு 2,625, நிற்பது 457. இந்த 457 மாமாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து. சம்மட்டி அடித்தவர் 800 வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பட்டறை முதலாளியும் முதலாளியம்மாவும் ஆளுக்கு 230 கூட இல்லாமல் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இதை நான் சொன்னபோது மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

சரி, விரிசல் ஏன் விடுகிறது என்று கேட்பீர்கள். லாரிப் பட்டையில் சிலிக்கான், மாங்கனீசு எல்லாம் சேர்ந்திருக்கும், சிலதில் குரோமியமும் உண்டு. அந்த ஜாதி எஃகுக்கு எண்ணெயில் தோய்ப்பதுதான் முறை. பழைய பழக்கத்தில் மாமா தண்ணீரில்தான் தோய்ப்பார். வாயை மட்டும் முக்கி எடுத்து, முதுகில் இருக்கிற சூடு மெல்ல வாய்ப் பக்கம் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, வைக்கோல் நிறம் வந்ததும் மறுபடி முக்குவார். இது கண்ணில் இருக்கிற வேலை. அதனால்தான் தோய்ச்சலுக்குக் காய்ச்சுவதை உச்சி வெயிலில் செய்வதில்லை, விடிவதற்கு முன் அல்லது பொழுது சாய்ந்த பிறகு, இருட்டில்தான் பழுத்த இரும்பின் நிறம் உண்மையைச் சொல்லும். காந்தம் ஒட்டாமல் போகிற சூடு கிட்டத்தட்ட 770 டிகிரி, அதற்குச் சற்று மேலே எடுத்து முக்க வேண்டும் என்று நான் எங்கேயோ படித்துவிட்டு ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா நிறத்தைப் பார்த்துச் சொன்னார், நான் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், பத்துக்குப் பத்தும் அவர் சொன்னதே சரி. காந்தம் இப்போது கால்நடை மருந்து காலண்டரைச் சுவரில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் நாள் கணக்கு. மாதத்தில் பதினாறு நாள்தான் உலை மூட்டுகிறார்கள். அமாவாசைக்குப் பட்டறை கிடையாது. மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறிப் போய் பட்டை பொறுக்கி மூட்டை கட்டி வருவது, கரிக்கு அலைவது, கடைக்குச் சரக்குப் போடுவது என்று நாலு நாள். பழைய அரிவாளைத் தட்டித் தீட்டிக் கொடுப்பதில் ஐந்து நாள், அதற்குத் தனியாகக் காசு வருவதால் அதை விட்டுவிடலாம். ஆனால் அந்த அலைச்சல் நாலு நாளையும் உலை மூட்டுகிற பதினாறு நாள்தான் சுமக்க வேண்டும்.

நியாயமான கூலி எவ்வளவு என்பதில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். நான் ஒரு தொகை சொன்னேன், மாமா கூச்சப்பட்டார். "நம்மளே நமக்குக் கூலி போட்டுக்கிறதா?" கடைசியில் அவரே ஒரு அளவுகோல் சொன்னார்: ஊரில் கொத்தனாருக்கு என்ன கொடுக்கிறார்களோ அது, பைசா கூட வேண்டாம், குறையவும் வேண்டாம். ஆயிரம். இருபது நாள் ஆயிரத்தைப் பதினாறு நாளில் பங்கு போட்டால் நாளுக்கு 1,250. அத்தைக்குச் சித்தாள் கூலி 600 என்று நானே எழுதிக்கொண்டேன், யாரையும் கேட்கவில்லை. புளோயர் மோட்டார் எரிந்துபோவது, கிரைண்டர், கொட்டகை வாடகை, கேமரா எல்லாம் சேர்த்துத் தேய்மானம் என்று மாதத்துக்கு 2,400, அதாவது உலை நாளுக்கு 150.

கேமரா என்றதும் சிலர் யோசிப்பீர்கள். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகள் வேட்டை ஒன்று நடத்தியபோது, அரிவாள் செய்கிற பட்டறைகளில் வாங்குபவரின் பெயர் விலாசம் எழுதி வைக்கவும் கேமரா வைக்கவும் சொன்னார்கள். மாமா பட்டறையில் அன்றிலிருந்து நோட்டும் உண்டு, கேமராவும் உண்டு. நல்லதுதான். யார் என்று தெரியாமல் வருகிறவனுக்கு மாமா முன்பும் கொடுத்ததில்லை. ஆனால் கேமராவுக்கு ஒரு விலை, நோட்டில் விலாசம் எழுதச் சொன்னதும் "அப்ப வேணாம்ணே" என்று திரும்பிப் போகிற வெளியூர் விவசாயிகளுக்கு ஒரு விலை. இரண்டும் அரிவாள் விலையில்தான் ஏறும், வேறு எங்கே ஏறும்?

ஆக 2,168, 1,850, 150. கூட்டினால் 4,168. ஏழரையால் வகுத்தால் ஒரு அரிவாள் 556 ரூபாய்.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் மாமா சரக்குப் போடும் கடைக்குப் போய்ச் சும்மா விலை கேட்டேன். மாமா அடித்த அதே அரிவாள், பூண் வளைவைப் பார்த்தாலே தெரியும். 560 சொன்னார்கள். பேரம் பேசினால் 550.

இந்த இடத்தில் கடைக்காரரைத் திட்டத் தோன்றும். நானும் பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அவர் நாற்பது நாற்பதாக எடுக்கிறார், ஆடி மாதம் வேலை மந்தமாக இருக்கும்போது கரி வாங்க முன்பணம் கொடுக்கிறார், துருப்பிடித்தால் அவர் நஷ்டம். அதற்கெல்லாம் ஒரு தொகை உண்டு. 210 ரூபாய் உண்டா என்பதுதான் கேள்வி. பக்கத்திலேயே மெஷினில் வெட்டி எடுத்த அரிவாள் 220-க்குத் தொங்குகிறது, அதிலும் "திருப்பாச்சி" என்று முத்திரை. திருப்பாச்சேத்திக்காரர்கள் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எழுத முடியாது.

இன்னொரு விநோதம், நேரில் பட்டறைக்கு வந்து வாங்குகிறவருக்கும் மாமா 350-தான் வாங்கிக்கொண்டிருந்தார். "தெரிஞ்ச மூஞ்சியா வருவாக, அவககிட்ட எப்படிக் கூடக் கேக்கிறது?" தெரியாத மூஞ்சிக்கும் அதே விலை, ஏனென்றால் அவர் தெரிந்த மூஞ்சி யாரோ சொல்லி வந்திருப்பார்.

அடுத்து நான் செய்தது தப்பு, அதையும் எழுத வேண்டும். கணக்கு என்றால் கணக்கு என்று ஒரே நாளில் எல்லோருக்கும் 550 என்று சாக்பீஸால் கதவில் எழுதவைத்தேன். கடைக்காரர் ஐந்து வாரம் எட்டிப் பார்க்கவில்லை. நேரில் வந்தவர்கள் 22 பேர் வாங்கினார்கள். மீதி அரிவாளெல்லாம் மூலையில் அடுக்கி எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம், சம்மட்டிக்காரரை ஒரு வாரம் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கேட்ட ஒரே கேள்வி "வெலைய ஏத்துனது நீங்க, லீவு எனக்கா?" அதற்குப் பதில் என் நோட்டில் இல்லை.

ஆனால் அந்த 22 பேர் யார் என்று பார்த்தால் சுவாரசியம். பாதிக்கு மேல் அரிவாளை வைத்துப் பிழைக்கிறவர்கள். இளநீர்க்காரர் ஒருவர், நாளெல்லாம் சீவுகிறவர், 550 என்று பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு, "220 அருவாள அன்னாடம் மூணு தரம் தீட்டணும், தீட்டுற நேரத்துல ஆறு காய் வெட்டிருவேன்" என்றார். கறிக்கடைக்காரர் ஒருவர் இதைவிடக் கூட வாங்கலாமே என்றார். பேரம் பேசியவர்கள் யார் என்றால் வருஷத்துக்கு ஒரு முறை வேலி வெட்டுகிறவர்கள், அவர்களுக்கு மெஷின் அரிவாளே தாராளம். மாமா இத்தனை வருஷமாக வேலி வெட்டுகிறவர் கொடுக்கிற விலையை இளநீர்க்காரரிடமும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐந்து வாரம் கழித்துக் கடைக்காரரே போன் செய்தார். இந்த முறை என்னைப் பேச விடவில்லை, மாமாவே பேசினார், அதுதான் சரியாக இருந்தது. கடைக்கு 450, ஒரு தடவைக்கு நாற்பதுக்குக் குறையாமல், பாதிப் பணம் முன்னால். நேரில் வருகிறவருக்கு 550. கடையைவிடக் குறைத்து விற்று அவர் வயிற்றில் அடிக்கமாட்டேன் என்று மாமா வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் கடைக்கு 70, நேரில் 35. வரவு 50,750. பதினாலு உலை நாள், செலவும் தேய்மானமும் போக நின்றது 18 ஆயிரம். பழைய கணக்கில் பதினாறு நாளுக்கு இதே மாதிரி கழித்துப் பார்த்தால் 4,912. நான் போட்ட 1,850 கூலிக்கு இது இன்னும் எட்டவில்லை, பதினாலு நாளுக்கே 25,900 வர வேண்டும். தோய்ச்சலை எண்ணெய்க்கு மாற்றியது இதற்கு அப்புறம்தான். இரண்டு மாதம் மாமா நம்பவில்லை, "எண்ணெயில விறைப்பு வராது" என்றார், இப்போது சாக்கில் ஐந்து நாளைக்கு ஒன்று விழுந்தால் அதிகம்.

சமையல் கத்தி தனிக் கதை. என் ஆபீஸ் நண்பன் ஒருவன் அதைப் படம் எடுத்துப் போட, பெங்களூரிலிருந்து ஒருவர் எட்டு இஞ்சுக் கத்தி கேட்டார். சின்னதுதானே என்று மாமா 450 சொன்னார். சின்னதுதான், ஆனால் அரிவாளுக்கு முதுகு கனமாக இருக்கலாம், கத்திக்கு முடியாது. பட்டையை அடித்து அடித்து மெலிசாக்கி, மூன்று மணி நேரம் சூடேறாமல் தேய்த்து, பிடிக்கு ஆணி அடித்து இழைத்து முடிக்க ஐந்து மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் மாமா நேரம் மணிக்கு 156, தேய்மானம் 19, ஐந்து மணிக்கு 875. அத்தை ஒரு மணி நேரம் 75. பட்டை, பிடி மரம், பெல்ட் எல்லாம் 230. மொத்தம் 1,180. மெலிசாக இருப்பதால் ஐந்தில் ஒன்று கோணிக்கொள்கிறது, அந்த ஒன்றின் செலவு மீதி நாலின் தலையில்: 1,475. நாங்கள் 450-க்கு அனுப்பி, கூரியர் காசையும் கையிலிருந்து போட்டோம். வாங்கியவர் ரொம்ப மலிவாக இருக்கிறதே, நிஜமாகவே கையால் செய்ததா என்று கேட்டிருந்தார். இப்போது 1,500, கூரியர் தனி. ஒன்பது பேர் கேட்டார்கள், இரண்டு பேர் வாங்கினார்கள், மாமாவுக்கு அதற்கு மேல் செய்ய நேரமும் இல்லை. (வரியில் ஒரு வேடிக்கை: அரிவாள் கையால் பிடித்து வேலை செய்கிற விவசாயக் கருவி என்பதால் ஜிஎஸ்டி கிடையாது, கத்திக்கு 2022 ஜூலையில் 12-ஐ 18 சதவீதமாக ஆக்கினார்கள். அதே பட்டை, அதே உலை. மாமா பதிவு வரம்புக்கு ரொம்பக் கீழே இருப்பதால் அவரை இது தொடவில்லை.)

நான் தோற்றுப்போன இடம் நேர்த்திக்கடன் அரிவாள். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கும், ஊர் ஊராக இருக்கிற கருப்புகளுக்கும் ஆள் உயர அரிவாள் செய்து வைப்பார்கள். அதற்குத் தோய்ச்சல் கிடையாது, வாய் தீட்டுவதும் இல்லை, சாதாரண இரும்புத் தகடுதான். வாங்க வருகிறவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வருவார், பேரம் பேசவே மாட்டார், சாமி காரியத்துக்குப் பேரம் ஆகாது. கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இதைவிட நல்ல சரக்கு உண்டா? இங்கே கொஞ்சம் ஏற்றினால் மற்றதில் விழுகிற துண்டைச் சரிக்கட்டலாம் என்றேன். மாமா தகடு விலையும் கூலியும் மட்டும்தான் வாங்குவார். பேரம் பேசாதவரிடம் கூட வைத்து விற்கக்கூடாது என்றார், "அவரு வாயத் தொறக்கல, அதான். கருப்பு கணக்குப் பாப்பான் மாப்ள, உன்னோட நோட்டவிடப் பெரிய நோட்டு அவன்கிட்ட இருக்கு." நோட்டில் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன், மாற்றவில்லை.

வாய் தட்டிக் கொடுப்பதில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். முன்பெல்லாம் எப்போது கொண்டுவந்தாலும் இலவசம், இருபது வருஷப் பழைய அரிவாளைக் கொண்டுவந்து "நீ செஞ்சதுதானப்பா" என்பார்கள், சில சமயம் மாமா செய்ததாகவே இருக்காது. இப்போது முதல் வருஷம் இலவசம், பிறகு 80. பூண் உள்பக்கம் ஆண்டைக் கொத்தி வைக்கிறார். வயசாளிகளிடம் வாங்குவதில்லை என்பது எழுதாத விதி.

கடைசியாக அத்தை. போன மாதம் நான் நோட்டை விரித்துக் கணக்கைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அத்தை பிடி இழைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது. "ஏப்பா, சம்மட்டிக்கு எண்ணூறு. எனக்கு ஏன் அறுநூறு?" சித்தாள் கூலி அத்தை, அதான் ஊர் வழக்கம் என்றேன். "சித்தாளு கல்லு சுமக்கும். நான் இங்க கல்லா சுமக்குறேன்? உல பாக்குறது நானு, அரம் போடுறது நானு, பிடி போடுறது நானு. எண்ணெயில முக்கச் சொல்லி மொதல்ல சொன்னதும் நாந்தான்." கடைசியாகச் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. மாமாவைப் பார்த்தேன், அவர் குறடைத் தேடிக்கொண்டிருந்தார்.

இருநூறு ரூபாயைக் கூட்டினால் நாளுக்கு 4,368. எண்ணெய்க்கு முந்தைய அதே ஏழரையால் வகுத்தால் 582. அத்தை எழுந்து போய், கதவில் இருந்த 550-ஐ முந்தானையால் துடைத்துவிட்டு 580 என்று எழுதிவிட்டு வந்து மறுபடி பிடியைக் கையில் எடுத்தது.